கத்தரியின் பட்டறை

இஞ்சினைக் கழற்றித் தரையில் வைத்த பிறகுதான், அதை அடுத்து எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவன் யோசித்தான். யோசனை எப்போதுமே அவனுக்குக் கடைசி பஸ்ஸில்தான் வரும்.

"என்ன தம்பி, மாடிப்படிக்கு அடியில கடை போட்டிருக்கீங்களா?"

வீட்டுக்காரர் பனியனோடு வந்து நின்றார். கீழ்வீட்டில் அவர் குடியிருந்தார், மாடியில் இவன் பத்து வருடமாக வாடகைக்கு இருந்தான்.

"கடை இல்ல சார். வண்டியைச் சரி பண்றேன்."

"ஒம்பது வருஷமா போர்த்தி வச்சிருந்த வண்டிக்கு இப்ப என்ன அவசரம்? அந்த இடத்துல தண்ணி மோட்டார் வைக்கணும்னு சொல்லி ஒரு மாசம் ஆச்சு. எடைக்குப் போடுங்கன்னா, பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்திருக்கீங்க. பெட்ரோல் நாத்தம் என் படுக்கை வரைக்கும் வருது. சாயங்காலத்துக்குள்ள எல்லாம் இங்கிருந்து போயிடணும்."

"எங்க சார் போகும்? எனக்கு வண்டி நிறுத்தவே இடம் இல்லையே."

"அதைக் கழட்டறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

நியாயமான பேச்சு.

அவன் ஒரு நாளிதழில் இரங்கல் விளம்பரப் பிரிவில் குமாஸ்தா. செத்தவர் வீட்டார் எழுதிக் கொண்டுவரும் அழுகையை எண்ணிப் பார்த்துப் பதினாறு சொல்லுக்குள் அடக்குவது அவன் வேலை. 'ஆற்றொணாத் துயரத்துடன்' என்று எழுதியிருந்தால் 'துயரத்துடன்' போதும் என்பான். 'அன்புத் தாயார்' என்றால் 'தாயார்' போதும். அலுவலகத்தில் அவனுக்குக் கத்தரிக்கோல் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அதுவும் நீளமாக இருக்கிறதென்று கத்தரி ஆக்கிவிட்டார்கள்.

அந்தக் கத்தரி இரண்டரை மாதத்துக்கு முன்பு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. மாமியார் காலமானார். மனைவி தானே உட்கார்ந்து எழுதிக் கொடுத்த அறிவிப்பில் இருபத்தொரு சொல் இருந்தது. அவன் வழக்கம்போல வெட்டினான். மகன்கள் இரண்டு பேர் பெயரும் நின்றன. மகள் பெயர் நிற்கவில்லை. மறுநாள் காலையில் பேப்பரைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்.

"என் பேர் எங்க?"

"பதினாறைத் தாண்டிப் போச்சு. நீ அவங்க மகள்னு உனக்கே தெரியும். அதைப் பேப்பர்ல வேற போடணுமா?"

ஒரு மனிதன் இப்படியும் பதில் சொல்வானா என்றால், சொல்வான். அதுவும் டீ குடித்துக்கொண்டே சொன்னான். அன்றைக்கு வாயை மூடியவள்தான். அதன் பிறகு வீட்டில் நடந்த பேச்செல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய துண்டுக் காகிதங்களில்தான். 'பால் இல்லை.' இரண்டு சொல். 'சாவி பூந்தொட்டியில்.' அதுவும் இரண்டு. ஒருநாள் அவன் 'என்னை மன்னித்துவிடு' என்று எழுதி ஒட்டினான். மறுநாள் அதற்குக் கீழே 'எண்ணெய் தீர்ந்தது' என்று இருந்தது.

அவனுக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் அலுப்பு வந்தது. நாற்பது நாள் தாண்டியதும் பயம் வந்துவிட்டது. எதிரில் ஒரு ஆள் சாப்பிடுகிற சத்தம் கேட்கிறது, ஆனால் அந்த ஆள் இல்லை. அவனுக்கு அவள் குரல் வேண்டியிருந்தது. திட்டினாலும் சரி.

வண்டி அவளுடையது. கல்யாணத்துக்கு முன்பு அவள் ஒரு பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துவந்தாள். அதற்காக அவளே சம்பாதித்து வாங்கிய மோட்டார் சைக்கிள். அவனுக்கோ சைக்கிளைத் தாண்டி எதுவும் ஓட்டத் தெரியாது. கல்யாணமான முதல் வாரம் அவள் முன்னால் உட்கார்ந்து ஓட்ட, இவன் பின்னால் உட்கார்ந்தான்.

"பிடிச்சுக்குங்க" என்றாள்.

ஒரே சொல். இவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். அதைவிட நல்ல சொல்லை அவனிடம் யாரும் சொன்னதில்லை. ஆனால் தெருமுனையில் நின்ற இரண்டு பேர் பார்த்துச் சிரித்தார்கள். அது போதாதா? "நாளையில இருந்து பஸ்லயே போயிடலாமே" என்றான். வண்டி மாடிப்படிக்கு அடியில் போய் நின்றது. அவள் பரிசோதனைக் கூடத்தின் கவுண்டரில் போய் உட்கார்ந்தாள்.

இப்போது அவன் போட்ட கணக்கு இதுதான். வண்டி ஓடினால் அவள் முன்னால் உட்காருவாள், அவன் பின்னால் உட்காருவான். 'பிடிச்சுக்குங்க' என்றாவது சொல்லித்தானே ஆக வேண்டும்? அடுத்த மாதம் பத்தாம் தேதி கல்யாண நாள். அதற்குள் வண்டி கிளம்ப வேண்டும். வந்து பார்த்த மெக்கானிக் தொட்டுக்கூடப் பார்க்காமல் "எடைக்குப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். சரி, தானே செய்வது என்று இறங்கிவிட்டான். 'உன் வண்டியைச் சரிசெய்கிறேன்' என்று ஃபிரிட்ஜில் எழுதி ஒட்டினான். பதில் வரவில்லை. ஆனால் அந்தக் காகிதத்தைக் காணவில்லை. அவள் எடுத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்து அன்றைக்கு நன்றாகத் தூங்கினான்.

சாயங்காலத்துக்குள் வண்டியைப் பத்து நடையாக மாடிக்கு ஏற்றினான். சக்கரம் இரண்டு நடை, டேங்க் ஒரு நடை, ஃப்ரேம் தோளில். இஞ்சினைச் சாக்கில் கட்டிப் படிக்கு ஒரு தடவை உட்கார்ந்து இழுத்துக்கொண்டு போய்ப் பால்கனியில் வைத்தான். 'முதலில் பழைய எண்ணெயை வடிக்கவும்' என்று வண்டியோடு வந்த கையேட்டுப் புத்தகம் சொன்னது. கீழே ஏதாவது பாத்திரம் வைக்கச் சொல்லப் புத்தகம் மறந்துவிட்டது, அல்லது இவனுக்குச் சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்துவிட்டது. ஒன்பது வருடத்துக் கறுப்பு எண்ணெய் பால்கனியின் தண்ணீர்த் துளை வழியாக இறங்கி, கீழே கொடியில் காய்ந்துகொண்டிருந்த வீட்டுக்காரரின் நான்கு வெள்ளைச் சட்டைகளையும் நனைத்தது.

கீழே கூச்சல் எழுந்தது. அதே சமயம் பின்னால் கதவு திறந்தது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"கீழ பேப்பர் விரிக்க வேண்டியதுதானே."

எழுபத்தோராவது நாள். நாலு சொல்! அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். கீழே சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டார்.

"சிரிக்கிறீங்களா? என் வெள்ளைச் சட்டையை இப்படிப் பண்ணிட்டுச் சிரிக்கிறீங்களா?"

"இல்ல சார். அவ பேசிட்டா சார்."

வீட்டுக்காரருக்கு அன்றைக்கு ரத்த அழுத்தம் ஏறியது. இனிமேல் பால்கனியில் ஒரு திருகாணியைக்கூடப் பார்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

பட்டறை கூடத்துக்குள் வந்தது. அவள் சொன்னபடியே பேப்பர் விரித்தான். அவனிடம் பேப்பருக்கா பஞ்சம்? அலுவலகத்தில் மிஞ்சிய இரங்கல் பக்கங்கள் கட்டுக் கட்டாக வீட்டில் கிடந்தன. சிலிண்டர் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மேல் உட்கார்ந்தது. கார்புரேட்டர் நான்கு பிள்ளைகளின் தாயார் மேல். செத்தவர்கள் எல்லாரும் எண்ணெய்க்கு அடியிலிருந்து அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர்கூடப் பதினாறு சொல்லைத் தாண்டவில்லை.

கழற்றிய ஒவ்வொரு சாமானுக்கும் பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் பெயர் எழுதி வைத்தான். பழக்கதோஷம், அதையும் சுருக்கினான். 'மே.இ.சி.' 'கீ.வ.நீ.' 'உ.வா.2.' எழுதும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. பெட்ரோல் வாடை தலையைச் சுற்றியபோது எழுந்து போய் மின்விசிறியைப் போட்டான்.

அறுபத்து மூன்று காகிதங்களும் ஒரே நேரத்தில் எழுந்து பறந்தன.

அவள் வேலையிலிருந்து வந்தபோது அவன் போல்ட்டுகளுக்கு நடுவில் முழங்காலில் உட்கார்ந்திருந்தான். அவள் செருப்பைக் கழற்றினாள். கைப்பையை மாட்டினாள். கீழே கிடந்த ஒரு காகிதத்தை எடுத்துப் பார்த்தாள்.

"மே.இ.சி.ன்னா என்ன?"

"மேல் இடது சின்னது." கொஞ்சம் யோசித்தான். "இல்ல, மேல் இடுக்கு சிலிண்டரா இருக்கும்."

அவள் சேலையைச் செருகிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். ஒரு போல்ட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். "இது கிளட்ச் பக்கத்து போல்ட். நீளத்தைப் பாத்தாலே தெரியும்."

ஏழு. அன்றைக்கு மொத்தம் முப்பத்து நாலு. அவன் தூங்கப் போகும் முன் நாட்குறிப்பில் எழுதி வைத்தான், சர்க்கரை நோயாளி சர்க்கரை அளவை எழுதுவதுபோல.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் தரையில்தான். அவள் சொல்வாள், அவன் எடுத்துக் கொடுப்பான். "அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பானர்." "அது இல்ல, ரிங்கு." "அழுத்தாதீங்க, உடைஞ்சிடும்." நாற்பத்தெட்டு. அறுபத்து மூன்று. ஒருநாள் எழுபது! கிரீஸ் படிந்த விரலால் நெற்றி மயிரை ஒதுக்கிக்கொண்டு அவள் பிஸ்டனைப் பார்க்கும்போது, முதல் வாரத்து முகம் அப்படியே இருந்தது. இத்தனை நாள் இந்த முகத்தையா படிக்கட்டுக்கு அடியில் போர்த்தி வைத்திருந்தோம் என்று நினைத்து, கையிலிருந்த ஸ்பானரை நீட்ட மறந்தான்.

"அந்த விஷயத்துல நான் பண்ணினது தப்புதான்" என்று ஒருநாள் ஆரம்பித்தான். "உன் பேரை..."

"டார்ச்சை நேராப் பிடிங்க."

மூன்று சொல். பிடித்தான்.

அடுத்த நாள்தான் விபரீதம் நடந்தது. பிஸ்டனைத் துடைக்க அவள் கையில் எடுத்தபோது, அதற்கு அடியில் இருந்த பக்கத்தில் அவளுடைய அம்மா இருந்தாள். பிஸ்டன் வைத்திருந்த வட்டமான கறை சரியாக நெற்றியில் விழுந்திருந்தது. கீழே பதினாறு சொல்லும் சுத்தமாக, ஒன்றுகூட அழியாமல் இருந்தன.

அவன் கட்டுக்கட்டாகக் கிடந்ததில் பார்க்காமல் விரித்துவிட்டான். பார்த்திருந்தால் விரித்திருப்பானா?

அவள் பக்கத்தை எடுத்து, மடிப்புக்கு மேல் மடிப்பாக மடித்து, கைப்பையில் வைத்தாள். கை கழுவினாள். படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைய நாட்குறிப்பில் சைபர் என்று எழுதினான். எல்லாம் போச்சு, இனி ஃபிரிட்ஜ் கதவுகூடப் பேசாது என்று கூடத்திலேயே சுவரில் சாய்ந்து கிடந்தான்.

ஆனால் மறுநாள் காலையில் அவளே வந்து நின்றாள்.

"இங்க இடம் பத்தாது. கட்டிலைப் பிரிச்சிடலாம். படுக்கை ரூம்ல ஃப்ரேமை நிறுத்திக்கலாம். அலமாரியும் நான் காலி பண்ணித் தரேன், சாமானெல்லாம் வரிசையா வைக்கலாம்."

அவன் எண்ணக்கூட மறந்துபோனான். மன்னித்துவிட்டாள்! கட்டிலின் எட்டு போல்ட்டையும் அவளே முறுக்கித் தளர்த்தினாள். தன் துணிகளை எல்லாம் அலமாரியிலிருந்து எடுத்து மடித்து இரண்டு பெட்டியில் போட்டாள். அவள் சேலை இருந்த தட்டில் கியர் சக்கரங்களும், உள்பாவாடை இருந்த தட்டில் செயினும் வந்தன. புருஷனுடைய நட்டுக்கும் போல்ட்டுக்கும் தன் அலமாரியை ஒழித்துக் கொடுக்கிற பெண்டாட்டி யாருக்கு வாய்க்கும் என்று அவன் அலுவலகத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்தான். கட்டில் பலகைகளைச் சுவரில் சாத்தி வைத்தார்கள். அவள் அறையில் வண்டிக்குப் பக்கத்தில் பாய் போட்டுக்கொண்டாள். அங்கே இரண்டாவது பாய்க்கு இடமில்லை, அவன் கூடத்தில் படுத்தான்.

"பின்னாடி எவ்வளவு எடை தாங்கும்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"எழுபது கிலோ சாதாரணமாத் தாங்கும். நான் அறுபத்திரண்டுதான்" என்றான். காதெல்லாம் சூடாகிவிட்டது அவனுக்கு.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பாமல் இருக்குமா? துருப்பிடித்த சாமான்களை அவன் பால் பாத்திரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, பெருமையாகச் சமையலறைத் தொட்டியிலேயே கழுவினான். கிரீஸ் குழாயில் போய் இறுகிக்கொண்டது. தண்ணீர் இறங்கவில்லை. நீளக் கம்பியை விட்டுக் குத்தினான். இறங்கிவிட்டது. எங்கே இறங்கியது என்று கீழேயிருந்து அலறல் வந்தபோது தெரிந்தது. வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருந்த குளியலறைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குக் கறுப்புத் தண்ணீர் கொப்பளித்து வந்திருந்தது.

துண்டோடு படியேறி வந்தார். கணுக்கால்வரை கறுப்பு, அதற்கு மேல் சோப்பு நுரை.

"பத்தாம் தேதி கெடு. அன்னிக்கு வண்டி போகணும். இல்ல நீங்க போகணும். ரெண்டுல ஒண்ணு."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவள் முன்னால் வந்து நின்றாள்.

"பத்தாம் தேதி காலையில வண்டி போயிடும் சார். நான் பொறுப்பு."

என்ன குரல்! அவனுக்காக ஒரு ஆள் எதிர்த்து நின்று பேசுவது அதுதான் முதல் தடவை. வீட்டுக்காரர்கூட அடங்கி இறங்கிப் போனார்.

மிச்ச நாட்கள் ஓடின. இஞ்சினை ஃப்ரேமில் ஏற்றிப் பார்த்தால் நான்கு போல்ட் குறைந்தது. வீடு முழுக்கத் தேடினார்கள். சோபாவைக் கவிழ்த்தார்கள். கடைசியில் அவளே போய்க் கட்டிலின் எட்டில் நான்கை எடுத்துவந்து போட்டுப் பார்த்தாள். அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது.

"கட்டிலுக்கு?" என்றான்.

"அப்புறம் பாத்துக்கலாம்."

ஒன்பதாம் தேதி சாயங்காலம் எல்லாவற்றையும் மறுபடி பிரித்து, பத்து நடையாகக் கீழே இறக்கி, மாடிப்படிக்கு அடியில் வைத்துச் சேர்த்தார்கள். வீட்டுக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். சீட்டை எலி தின்றிருந்ததால் அதை மட்டும் அவள் முன்பே உதிரிபாகக் கடையில் புதிதாகத் தைக்கக் கொடுத்திருந்தாள். பத்தாம் தேதி காலை கொண்டுவந்து மாட்டித் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார்.

பத்தாம் தேதி விடிந்ததும் அவன் புதுச் சட்டை போட்டுக்கொண்டான். தலையை வாரினான், அப்புறம் ஹெல்மெட் போட வேண்டுமே என்று கலைத்துக்கொண்டான். ஹெல்மெட் அவனுக்காக அவனே வாங்கியது. அவளுடையது பழையது, பரணில் இருந்தது. அதை எடுக்கத்தான் அவள் மேலே போயிருந்தாள். போகும் முன் கிக்கரில் ஒரே உதைதான். இவன் பதினான்கு தடவை உதைத்தும் மூச்சு விடாத வண்டி, அவள் ஒரு தடவை உதைத்ததும் இருமிவிட்டுப் புகையைக் கக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. வீட்டுக்காரர் முகத்தில் புகை அடித்தது.

"ரொம்ப சந்தோஷம்" என்றார் இருமிக்கொண்டே. "கிளம்புங்க, கிளம்புங்க."

"ரெண்டு பேரும் இப்பவே கிளம்பறோம் சார்" என்றான். ஏரிவரை போய்விட்டு வரலாம். முதல் திருப்பத்தில் அவள் சொல்லுவாள். அவன் தோளைப் பிடித்துக்கொள்வான். தெருமுனையில் எவன் வேண்டுமானாலும் நின்று சிரித்துக்கொள்ளட்டும்.

உதிரிபாகக் கடைக்காரர் சாக்குப்பையோடு வந்து சேர்ந்தார். பையை அவிழ்த்துச் சீட்டை வெளியே எடுத்தார். பளபளவென்று புதுக் கறுப்பு உறை. அவன் ஆசையாகக் கையில் வாங்கினான். திருப்பிப் பார்த்தான். வண்டியின் மேல் வைத்துப் பார்த்தான். டேங்குக்குப் பின்னால் ஒரு முழம் வந்ததும் சீட் முடிந்துவிட்டது. அதற்குப் பின்னால் வெறும் இரும்புதான் இருந்தது.

"மாத்திக் கொண்டாந்துட்டீங்க" என்று சிரித்தான். "இது வேற யாரோடதோ. எங்களுது நீளமான சீட். ரெண்டு பேர் உக்கார்றது."

கடைக்காரர் சீட்டைக் கவிழ்த்து, அடியில் சாக்பீஸால் எழுதியிருந்த வண்டி நம்பரைக் காட்டினார்.

"உங்களுதுதான் சார். நீளமாத்தான் தச்சு வச்சிருந்தேன். அம்மாதான் நேத்து வந்து, ஒரு ஆள் உக்காந்தாப் போதும், பின்னாடி ரெண்டு பெட்டி கட்டணும், மிச்சத்தை வெட்டிடுங்கன்னாங்க."